அலர்ட் மெயிலுக்குள் குவெரி: "டவுன்" என்ற ஒற்றைச் சொல்லோடு நிற்காத மெயில் தயாரிப்பது எப்படி

இரவு இரண்டே காலுக்கு மெயில் வருகிறது: "பிஎல்ஆர்-டபிள்யூஎஃப்டி-ஆர்02 டவுன்." கீழே ஐபி முகவரி, நேரம். அவ்வளவுதான்.

பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் நெட்வொர்க் கண்காணிப்பு அறைகளில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறவர்களில் ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பிள்ளைகள் நிறைய. இந்த மெயிலுக்குப் பிறகு போனில் நடக்கிற பேச்சு எந்த அறையிலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

"அண்ணே, ஒயிட்ஃபீல்டு போயிருச்சு."
"எந்த லிங்க்டா?"
"மெயில்ல இல்லண்ணே."
"பேக்கப் ஏறிடுச்சா?"
"பாக்கணும்ணே."
"போன வாரமும் இதானே விழுந்துச்சு?"
"அதையும் பாத்துட்டுச் சொல்றேன்."

அண்ணன் கேட்ட மூன்று கேள்விக்கும் பதில் கண்காணிப்பு மென்பொருளின் டேட்டாபேஸிலேயே கிடக்கிறது. அதை எடுத்து மெயிலில் ஒட்டச் சொல்லி நாம் கேட்கவில்லை, அதனால் அது ஒட்டவில்லை. டேட்டாபேஸிடம் இப்படிக் கேட்கும் கேள்விக்குத்தான் குவெரி என்று பெயர், அதை அலர்ட் மெயிலுக்குள் வைப்பது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி. படிகளை சோலார்விண்ட்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளை வைத்துச் சொல்கிறேன். முன்பு ஓரியன் என்றிருந்தது 2022 முதல் சோலார்விண்ட்ஸ் பிளாட்ஃபார்ம் ஆகிவிட்டாலும், உள்ளே டேபிள்களுக்கு இன்னமும் ஓரியன் என்றே பெயர். பின்னால் இருக்கும் டேட்டாபேஸ் மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர். ஜாபிக்ஸ் என்ற இன்னொரு கண்காணிப்பு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்குக் கடைசியில் தனியாக ஒரு பகுதி உண்டு. குவெரிகளைப் போனில் ஒருவர் வாசிக்க இன்னொருவர் தட்டுகிற மாதிரி, ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

முதல் படி: கேள்விகளை எழுதுங்கள், குவெரியை அல்ல

கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்னால் ஷிஃப்டில் இருப்பவர்களிடம் போய், "மெயில் பார்த்தவுடன் முதலில் எந்த ஸ்க்ரீனைத் திறக்கிறாய்?" என்று கேளுங்கள். அந்த ஸ்க்ரீனில் அவர் தேடுகிற விஷயம் எதுவோ அதுதான் மெயிலில் வர வேண்டும். சிபியு எத்தனை சதவீதம், மெமரி எவ்வளவு, எந்த மாடல் என்பதையெல்லாம் சேர்த்தால் மெயில் பார்க்கக் கனமாக இருக்கும், படிக்க ஆள் இருக்காது. ஒரு ரவுட்டர் விழுந்த மெயிலுக்கு ஆறு வரிக்கு மேல் தேவைப்படுவதில்லை என்பது என் கணக்கு. இப்படி:

ஒயிட்ஃபீல்டு கிளை, முதல் லிங்க் டவுன்
சர்க்யூட் எண், கேரியர் ஹெல்ப்லைன்
பேக்கப் ரவுட்டர்: அப்
கடந்த 7 நாளில் விழுந்தது: 6 முறை
இதே கிளையில் டவுனாக இருக்கும் மற்றவை: எஸ்டபிள்யூ03, எஸ்டபிள்யூ04
கிளையில் பேச வேண்டியவர்: செக்யூரிட்டி டெஸ்க் எண்

இரண்டாம் படி: குவெரி தேவைப்படாததைப் பிரித்து எடுங்கள்

மேலே உள்ளவற்றில் பாதிக்கு குவெரியே வேண்டாம். சர்க்யூட் எண், கேரியர் (லிங்க் தரும் நிறுவனம்), ஹெல்ப்லைன், கிளைப் பெயர் எல்லாம் அந்த நோட்டோடு (கண்காணிப்பில் இருக்கும் ரவுட்டர், ஸ்விட்ச் போன்ற ஒரு பெட்டி) ஒட்டிக்கொண்டிருக்கும் விவரம். அவற்றுக்கு கஸ்டம் ப்ராப்பர்ட்டி, அதாவது நாமே சேர்க்கும் தனிக் கட்டம், போட்டுவிட்டால் மெயில் எடிட்டரில் இன்செர்ட் வேரியபிள் (அனுப்பும்போது மதிப்பு நிரம்பும் இடம்) பட்டியலிலேயே கிடைக்கும், நேராகச் சொருகிவிடலாம். மதிப்புகளை எக்செல் ஷீட்டிலிருந்து மொத்தமாக இம்போர்ட் செய்ய வழி இருக்கிறது.

இது சலிப்பான வேலை, யாரும் விரும்பிச் செய்ய மாட்டார்கள். ஆனால் டேபிளில் இல்லாததை எந்த குவெரியாலும் கொண்டுவர முடியாது. கிளைப் பெயரை ஒருவர் "ஒயிட்ஃபீல்டு" என்றும் இன்னொருவர் "ஐடிபிஎல் ஒயிட்ஃபீல்டு" என்றும் அடித்து வைத்திருந்தால் பின்னால் வரும் நான்காம் படி வேலை செய்யாது. அதனால் கிளைப் பெயரைக் கையால் அடிக்க விடாமல், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் வகையாக வைத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: குவெரியை வெளியே எழுதி, ஓட்டிப் பார்த்துவிட்டு உள்ளே கொண்டுபோங்கள்

மெயில் எடிட்டருக்குள் உட்கார்ந்துகொண்டு குவெரி எழுதாதீர்கள். அங்கே பிழை வந்தால் எந்த வரியில் என்று தெரியாது. சோலார்விண்ட்ஸின் சொந்தக் குவெரி மொழிக்கு எஸ்டபிள்யூகியூஎல் என்று பெயர். அதற்கு எஸ்டபிள்யூகியூஎல் ஸ்டூடியோ என்று ஒரு சின்ன மென்பொருள் ஓரியன் எஸ்டிகேயோடு இலவசமாகக் கிடைக்கிறது. அதை நிறுவி சர்வரோடு இணைத்தால் இடப்பக்கம் எல்லா டேபிள்களும் அவற்றின் காலங்களும் (காலம் என்றால் இங்கே நேரம் அல்ல, டேபிளின் நெடுவரிசை) மரம் மாதிரி விரியும்.

எஸ்டபிள்யூகியூஎல் பார்க்க, டேட்டாபேஸ்களின் வழக்கமான குவெரி மொழியான எஸ்கியூஎல் மாதிரியே இருக்கும், ஆனால் வித்தியாசங்கள் உண்டு. அதில் செலக்ட் ஸ்டார் (எல்லாக் காலத்தையும் கொடு என்பது) கிடையாது. வேண்டிய காலங்களைப் பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும். புள்ளி வைத்தே அடுத்த டேபிளுக்குப் போய்விடலாம், பல இடங்களில் ஜாயின் எழுத வேண்டியதில்லை. முக்கியமாக, அது படிக்க மட்டும்தான் செய்யும், டேபிளில் எதையும் மாற்றாது. அலர்ட் எடிட் செய்யும் உரிமை அறையில் பத்துப் பேருக்கு இருக்கும் என்றால் இந்தக் கடைசி வித்தியாசம் நிம்மதியைத் தரும். எஸ்டபிள்யூகியூஎல்லில் முடிகிற வேலையை எஸ்கியூஎல்லில் செய்யாதீர்கள். முடியாத இடம் ஒன்று இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

"ஏழு நாளில் எத்தனை முறை விழுந்தது" என்பதற்கான குவெரி இது. 417 என்பது சோதனைக்காக எடுத்துக்கொண்ட ஏதோ ஒரு நோட்டின் எண்:

செலக்ட் கவுண்ட்(இ.ஈவென்ட்ஐடி) ஆஸ் முறை
ஃப்ரம் ஓரியன்.ஈவென்ட்ஸ் இ
வேர் இ.நெட்வொர்க்நோட் = 417
அண்ட் இ.ஈவென்ட்டைப் = 1
அண்ட் இ.ஈவென்ட்டைம் > ஆட்டே(-7, கெட்யூடிசிடேட்())

ஈவென்ட்டைப் 1 என்றால் நோட் டவுன், 5 என்றால் நோட் அப். சோதனைக்கு, போன வாரம் நிச்சயமாக விழுந்த ஒரு நோட்டின் எண்ணைப் போடுங்கள். ஒழுங்காக ஓடுகிற நோட்டைப் போட்டால் சுழியம்தான் வரும், அது குவெரி சரியென்பதாலா தப்பென்பதாலா என்று தெரியாது.

இப்போது அலர்ட்டின் ட்ரிகர் ஆக்‌ஷனில் மெயிலைத் திறந்து, இன்செர்ட் வேரியபிள் போய், எஸ்கியூஎல் அல்லது எஸ்டபிள்யூகியூஎல் வேரியபிளை நாமே வரையறுக்கும் கட்டத்தை டிக் செய்து குவெரியை ஒட்டுங்கள். 417 இருந்த இடத்தில் நோட்ஐடி வேரியபிளைச் சொருகுங்கள். ஒரு வேரியபிளுக்குள் இன்னொரு வேரியபிள் உட்காரும். சுருள் அடைப்பு இரண்டு முறை திறந்திருந்தால் இரண்டு முறை மூட வேண்டும். கடைசி அடைப்பு விட்டுப்போவது எல்லோருக்கும் நடக்கும் தப்பு.

உள்ளே நடப்பதைப் புரிந்துகொண்டால் பாதிப் பிழைகள் வராது. மென்பொருள் முதலில் உள் வேரியபிளை எடுத்துவிட்டு அதன் மதிப்பை வெறும் எழுத்தாக அங்கே வைக்கிறது, அதன்பிறகுதான் குவெரியை ஓட்டுகிறது. அதனால் எண்ணைக் கொண்டே தேடுங்கள், பெயரைக் கொண்டு தேடாதீர்கள். நோட்டின் பெயரிலோ கிளைப் பெயரிலோ ஒற்றை மேற்கோள் குறி ஒன்று இருந்தால் போதும், குவெரி அங்கேயே உடைந்துவிடும். நோட்ஐடி எண்ணாக இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. பெயரைத் தவிர வழியே இல்லை என்றால் அதை ஒற்றை மேற்கோளுக்குள் வைக்க மறக்காதீர்கள். வேர்டிலோ சாட்டிலோ இருந்து குவெரியை காப்பி செய்தால் நேர்க் குறி வளைந்த குறியாக மாறி வந்திருக்கும், அதையும் பாருங்கள்.

நான்காம் படி: ஒரே ஒரு கட்டம்தான் கிடைக்கும்

மெயில் வேரியபிள் ஒரு மதிப்பைத்தான் ஏற்கும். குவெரி இருபது வரி, மூன்று காலம் தந்தாலும் முதல் வரியின் முதல் காலம் மட்டும் மெயிலுக்கு வரும், மீதி போன இடம் தெரியாது. ஸ்டூடியோவில் அழகாக முழுப் பட்டியலும் தெரிந்த குவெரி, மெயிலில் ஒரே ஒரு ஸ்விட்ச் பெயரோடு வந்து நின்றால் காரணம் இதுதான்.

ஒரு மதிப்பு போதும் என்கிற கேள்விகளுக்குப் பிரச்சினை இல்லை: எண்ணிக்கை, கடைசியாக விழுந்த நேரம், பேக்கப்பின் நிலை. பல காலங்களை ஒரு காலமாக ஒட்டிவிடலாம். "கடைசி" என்று கேட்கும்போது டாப் 1 போட்டு, ஆர்டர் பையில் நேரத்தை இறங்கு வரிசையில் வையுங்கள். ஆர்டர் பை இல்லாத டாப் 1 ஏதோ ஒரு வரியைத் தரும், எந்த வரி என்று யாராலும் சொல்ல முடியாது.

பட்டியல் வேண்டும் என்றால்தான் சிக்கல். "இதே கிளையில் வேறு எவையெல்லாம் விழுந்திருக்கின்றன?" என்ற வரிக்கு நான் எஸ்கியூஎல்லுக்கே போய்விடுகிறேன். எஸ்கியூஎல் சர்வர் 2017-லிருந்து ஸ்ட்ரிங்_ஆக் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. பல வரிகளை எடுத்து நடுவில் நாம் சொல்லும் குறியை வைத்து ஒரே சரமாகக் கட்டிக் கொடுத்துவிடும்:

செலக்ட் ஸ்ட்ரிங்_ஆக்(பி.கேப்ஷன், ', ')
ஃப்ரம் நோட்ஸ்கஸ்டம்ப்ராப்பர்ட்டீஸ் ஏ
ஜாயின் நோட்ஸ்கஸ்டம்ப்ராப்பர்ட்டீஸ் சி ஆன் சி.கிளை = ஏ.கிளை
ஜாயின் நோட்ஸ் பி ஆன் பி.நோட்ஐடி = சி.நோட்ஐடி
வேர் ஏ.நோட்ஐடி = (இங்கே நோட்ஐடி வேரியபிள்)
அண்ட் பி.நோட்ஐடி <> ஏ.நோட்ஐடி
அண்ட் பி.ஸ்டேட்டஸ் = 2

இதில் கிளைப் பெயரை வேரியபிளாகச் சொருகவே இல்லை என்பதைக் கவனியுங்கள். நோட் எண் மட்டும் உள்ளே போகிறது, கிளைப் பெயரை டேபிள்களே தங்களுக்குள் பொருத்திக்கொள்கின்றன. கிளைப் பெயரில் என்ன குறி இருந்தாலும் கவலையில்லை.

ஸ்டேட்டஸ் எண்களில் 1 அப், 2 டவுன், 3 எச்சரிக்கை, 9 அன்மேனேஜ்டு, 12 அன்ரீச்சபிள். பேரன்ட் சைல்ட் டிபென்டென்சி (எந்தப் பெட்டி எதற்குப் பின்னால் என்ற சார்பு) போட்டிருந்தால் ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் ஸ்விட்ச்கள் 2 ஆகாமல் 12 ஆகிவிடும். அப்படியானால் மேலே உள்ள குவெரியில் 12-ஐயும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கிளை முழுக்க இருண்டு கிடக்கும்போது மெயில் "மற்றவை இல்லை" என்று சொல்லும்.

ஸ்ட்ரிங்_ஆக் 8000 பைட்டைத் தாண்டினால் பிழை தரும். காலத்தை முன்பே வார்கேர் மேக்ஸாக மாற்றிக்கொண்டால் அந்த வரம்பு போய்விடும். பழைய எஸ்கியூஎல் சர்வர் வைத்திருப்பவர்கள் ஃபார் எக்ஸ்எம்எல் பாத் வழியாக இதையே செய்யலாம். ஆனால் அதில் வரி முறிக்க எச்டிஎம்எல் டேக் சேர்த்தால், கோணக் குறிகள் வேறு எழுத்துகளாக மாறி டேக் அப்படியே மெயிலில் தெரியும். காற்புள்ளியோடு நிறுத்திக்கொள்வது மேல்.

ஐந்தாம் படி: வெற்றாக வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்

"பேக்கப் ரவுட்டர்:" என்று எழுதி அதற்கு எதிரே ஒன்றுமில்லாமல் மெயில் வந்தால், படிப்பவர் என்ன நினைப்பார்? பேக்கப் இல்லையா, இருந்தும் தெரியவில்லையா, குவெரி ஓடவில்லையா? தூக்கக் கலக்கத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை நினைப்பார்கள். வெற்று வரி, வரியே இல்லாததைவிட மோசம்.

வெற்று இரண்டு வகையில் வரும். ஒன்று, வரி இருக்கிறது, மதிப்பு நல் (null, அதாவது எதுவும் நிரப்பப்படாதது). ஒட்டும் சரத்தில் ஒரே ஒரு நல் இருந்தால் எஸ்கியூஎல் சர்வரில் ப்ளஸ் குறி போட்டு ஒட்டிய முழுச் சரமும் நல் ஆகிவிடும். கேரியர் பெயர் இருந்தும் சர்க்யூட் எண் இல்லாததால் இரண்டுமே காணாமல் போகும். ஒவ்வொரு காலத்தையும் தனித்தனியாக இஸ்நல் போட்டு மூடுங்கள்.

இரண்டாவது வகை, நிபந்தனைக்குப் பொருந்தும் வரியே இல்லை. இங்கே இஸ்நல் உதவாது, ஏனென்றால் அதற்கு வேலை செய்ய வரி வேண்டும். இதற்கு ஒரு எளிய வித்தை: கவுண்ட், மேக்ஸ், ஸ்ட்ரிங்_ஆக் போன்றவை, குரூப் பை இல்லாதபோது, பொருந்தும் வரியே இல்லாவிட்டாலும் ஒரு வரியைக் கட்டாயம் தரும். ஆகவே பேக்கப்பின் நிலையை நேரடியாகக் கேட்காமல் மேக்ஸ் வைத்துக் கேட்டு, அதன் வெளியே இஸ்நல் போட்டு, "பேக்கப் பதிவில் இல்லை" என்று எழுதிவிடுங்கள்.

அந்த வாசகத்தைத் தமிழிலேயே எழுத நினைப்பவர்களுக்கு: எஸ்கியூஎல்லில் மேற்கோளுக்கு முன்னால் N என்ற ஆங்கில எழுத்தைப் போட வேண்டும். போடாவிட்டால் மெயிலில் தமிழுக்குப் பதில் கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கும்.

குவெரியே உடைந்தால் மெயிலில் அந்த இடத்தில் மேக்ரோ எஸ்கியூஎல் எரர் என்று வரும். அது நல்லதுதான், குறைந்தபட்சம் உடைந்தது தெரிகிறது. மெயில்பாக்ஸில் அந்த வாசகத்துக்கு ஒரு ரூல் போட்டு உங்கள் தனி ஃபோல்டருக்கு ஒரு காப்பி வரும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: ஐந்தரை மணி நேரம்

மெயிலில் "கடைசியாக விழுந்தது 20:45" என்று வருகிறது, இப்போது மணி இரண்டே கால். உண்மையில் அது 2:15-க்கு விழுந்த அதே விழுகைதான். டேட்டாபேஸ் யூடிசியில் (உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) வைத்திருக்கிறது, நாம் இந்திய நேரத்தில் படிக்கிறோம். எஸ்டபிள்யூகியூஎல்லில் டுலோக்கல் ஃபங்ஷன் இதைச் சரிசெய்யும். எஸ்கியூஎல்லில் 330 நிமிடம் கூட்டினால் போதும். நம் ஊரில் கோடைக்கு ஒரு நேரம் குளிருக்கு ஒரு நேரம் என்று மாற்றுவதில்லை என்பதால் இந்த 330 வருடம் முழுக்கச் சரியாக இருக்கும். ஆனால் லண்டன், சிகாகோ கிளைகளையும் பெங்களூரிலிருந்தே பார்ப்பவர்கள் அந்த ஊர் நேரத்தை இப்படிக் கூட்டிக் கழிக்கக் கூடாது. எஸ்கியூஎல் சர்வர் 2016 முதல் உள்ள அட் டைம் ஜோன் வசதியைப் பயன்படுத்துங்கள்.

எல்லா டேபிளும் எல்லா வெர்ஷனிலும் யூடிசியில்தான் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். நேரம் உங்களுக்குத் தெரிந்த ஒரு ஈவென்ட்டை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கூட்டுங்கள்.

ஏழாம் படி: நோட் திரும்பி வந்ததைச் சொல்லும் மெயிலுக்கும் குவெரி வையுங்கள்

பெரும்பாலோர் டவுன் மெயிலோடு நின்றுவிடுவார்கள். எனக்கு, நோட் மறுபடி எழுந்ததும் போகும் ரீசெட் மெயில்தான் அதிகம் பிடிக்கும், ஏனென்றால் காரணம் அங்கேதான் பிடிபடும்.

ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூரில் மாலை மழை பிடித்தால் மரம் விழும், கரண்ட் போகும். அதே வாரத்தில் எங்காவது சாலையைத் தோண்டி ஃபைபரையும் அறுத்திருப்பார்கள். இரண்டுக்கும் டவுன் மெயில் ஒரே மாதிரிதான் வரும். ஆனால் கேரியரைக் கூப்பிட வேண்டுமா, கிளையில் யுபிஎஸ் பார்க்க ஆள் அனுப்ப வேண்டுமா என்பது இதைப் பொறுத்தது. வேறுபாடு லாஸ்ட்பூட் என்ற காலத்தில் இருக்கிறது. நோட் திரும்பி வந்தபின் லாஸ்ட்பூட் நேரம் விழுந்த நேரத்துக்குப் பிந்தியதாக இருந்தால் பெட்டி அணைந்து எழுந்திருக்கிறது: பவர். லாஸ்ட்பூட் மூன்று மாதம் பழையதாக இருந்தால் பெட்டி அசையவே இல்லை: லிங்க். கேஸ் வென் போட்டு இந்த ஒப்பீட்டை குவெரியே செய்து, "பெட்டி ரீபூட் ஆகியிருக்கிறது, பவர் பாருங்கள்" அல்லது "பெட்டி ஓடிக்கொண்டிருந்தது, லிங்க் பாருங்கள்" என்று ஒரே வரியில் சொல்லச் செய்யலாம்.

இதில் இரண்டு பொறிகள். நோட்டின் நிலையை மென்பொருள் இயல்பாக 120 விநாடிக்கு ஒருமுறை பார்க்கிறது, ஆனால் லாஸ்ட்பூட் போன்ற விவரங்களை 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான் சேகரிக்கிறது. நோட் எழுந்த உடனே ரீசெட் மெயில் போனால் அதில் பழைய லாஸ்ட்பூட் இருக்கும், பவர் பிரச்சினையை லிங்க் என்று சொல்லிவிடும். ரீசெட் நிபந்தனைக்கு 10 நிமிடத்துக்கு மேல் தாமதம் கொடுங்கள். இன்னொன்று, கருவி தன் ஓடிய நேரத்தை நூறில் ஒரு விநாடிக் கணக்கில் 32 பிட் எண்ணில் வைத்திருப்பதால் 497 நாளில் எண் நிரம்பி மறுபடி சுழியத்துக்கு வந்துவிடும். ஒன்றரை வருடம் அணையாமல் ஓடிய நல்ல ரவுட்டர் ஒன்று ரீபூட் ஆனதாகத் தெரிந்தால் அவசரப்பட்டு யுபிஎஸ் மேல் பழி போடாதீர்கள்.

எட்டாம் படி: குவெரியின் பாரம்

இந்த குவெரி எப்போது ஓடும்? எல்லாம் சாய்ந்துகொண்டிருக்கும் நேரத்தில். கோர் ஸ்விட்ச் விழுந்தால் அறுபது அலர்ட் ஒரே நிமிடத்தில் கிளம்பும், ஒவ்வொன்றிலும் மூன்று குவெரி என்றால் நூற்றெண்பது. கல்யாணப் பந்தியில் ஒரே நேரத்தில் எல்லோரும் சாம்பார் கேட்ட கதைதான். அதனால் ஸ்டூடியோவில் ஒரு விநாடிக்கு மேல் எடுக்கிற குவெரியை மெயிலில் வைக்க வேண்டாம். நேர வரம்பு இல்லாமல் ஈவென்ட்ஸ் டேபிளைத் தொடாதீர்கள். ரெஸ்பான்ஸ் டைம், ட்ராஃபிக் போன்ற வரலாற்று டேபிள்கள் பெரியவை. அவற்றின் விவரமான பதிவுகள் இயல்பாக 7 நாள்தான் இருக்கும், பிறகு மணிக்கணக்கு, நாள்கணக்குச் சராசரியாகச் சுருங்கிவிடும். அவற்றிலிருந்து சராசரி எடுக்கும் ஆசை வந்தால் மெயிலில் குவெரிக்குப் பதில் அந்தப் பக்கத்துக்கு ஒரு லிங்க் வைத்துவிடுங்கள். டிபென்டென்சியை ஒழுங்காகப் போட்டாலே அறுபது மெயில் ஒன்றிரண்டாகக் குறையும், அந்த வேலையை முதலில் முடியுங்கள்.

சோதிக்கும்போது பெறுநர் முகவரியை உங்களுக்கு மாற்றிவிட்டு சிமுலேட் கொடுங்கள். எல்லா விவரமும் நிரம்பிய நோட், எதுவுமே நிரப்பாத நோட், பேக்கப் இல்லாத கிளை, பெயரில் மேற்கோள் குறி உள்ள நோட் என்று வேண்டுமென்றே கோணலானவற்றைத் தேர்ந்தெடுங்கள். மெயிலை போனில் திறந்து பாருங்கள், இரவில் அங்கேதான் படிப்பார்கள்.

ஜாபிக்ஸ் வைத்திருந்தால்

ஜாபிக்ஸில் மெயில் வாசகத்துக்குள் நேரடியாக குவெரி எழுத இடமில்லை. சுற்றி வர வேண்டும். சர்வரில் டேட்டாபேஸோடு பேச உதவும் யூனிக்ஸ்ஓடிபிசி நிறுவி, ஓடிபிசி ஐஎன்ஐ ஃபைலில் டேட்டாபேஸுக்கு ஒரு டிஎஸ்என் (இணைப்புப் பெயர்) எழுதி, டிபி.ஓடிபிசி.செலக்ட் வகையில் ஒரு ஐட்டம் (ஜாபிக்ஸ் சேகரிக்கும் ஒரு மதிப்பு) உருவாக்குங்கள். குவெரி அந்த ஐட்டத்துக்குள் போகும். இங்கேயும் முதல் வரியின் முதல் காலம் மட்டும்தான், நான்காம் படியில் சொன்னதெல்லாம் அப்படியே பொருந்தும். அந்த ஐட்டத்தின் கடைசி மதிப்பை மேக்ரோ (ஜாபிக்ஸில் வேரியபிளுக்குப் பெயர்) வழியாக மெயிலில் சொருகலாம். பல வரி தேவை என்றால் டிபி.ஓடிபிசி.கெட் ஜேசானாகத் தரும்.

இதில் ஒரு வசதி, ஒரு குறை. குவெரி தன் இடைவெளிப்படி முன்கூட்டியே ஓடி முடிந்திருக்கும், மெயில் கிளம்பும் நேரத்தில் டேட்டாபேஸுக்குப் புதுப் பாரம் இல்லை. ஆனால் மெயிலில் வருவது கடைசியாக ஓடியபோது இருந்த பதில், ஐந்து நிமிடம் பழையதாக இருக்கலாம். பேக்கப்பின் நிலைக்கு அது ஆகாது, ஏழு நாள் எண்ணிக்கைக்குத் தாராளமாக ஆகும். ஜாபிக்ஸின் சொந்த டேட்டாபேஸையே கேட்பதாக இருந்தால், அதற்குப் படிக்க மட்டும் உரிமை உள்ள தனி யூசர் ஒன்று வையுங்கள். நேரங்கள் அங்கே யூனிக்ஸ் விநாடிகளாக இருக்கும், மைஎஸ்கியூஎல்லில் ஃப்ரம்_யூனிக்ஸ்டைம் போட்டு மாற்றிக்கொள்ளலாம். இடம், தொடர்பு எண் போன்றவற்றுக்கு இவ்வளவு சுற்றே வேண்டாம், ஹோஸ்ட் இன்வென்டரியில் நிரப்பிவிட்டால் அதற்கென்றே இருக்கும் மேக்ரோக்கள் போதும்.